பாதி சத்தத்தில் கைதட்டவும்

ஸ்காட்லாந்து பற்றி நமக்கெல்லாம் மூன்று விஷயம் தெரியும். ஒன்று, ஸ்காட்லாந்து யார்டு. அது இருப்பது லண்டனில். இரண்டு, ஸ்காட்ச். அதைப் பற்றி விலாவாரியாக எழுதினால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். தெரிந்தவர்கள் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்ளவும். மூன்று, அந்தக் குளிரிலும் ஆண்கள் முழங்கால் தெரியக் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, கக்கத்தில் ஒரு பையை இடுக்கி ஊதுவார்கள். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், மடித்துக் கட்டிய லுங்கியை முதலில் கீழே இறக்கிவிட்டுச் சிரிக்கவும்.

நானும் இந்த மூன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். பக்கத்து சீட் கெடுத்துவிட்டது.

பக்கத்து சீட் என்பது எங்கள் செக்ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் இருபத்து மூன்று வயசுப் பையன். பேர் போட்டால் சண்டைக்கு வருவான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து யூட்யூப் பார்ப்பான். எலுமிச்சை சாதம் ஒரு வாய், வீடியோ ஒரு வாய். அன்றைக்கு என்னையும் இழுத்தான்.

"ஸார், இதப் பாருங்க. ஒருத்தன் சைக்கிள எடுத்துக்கிட்டு மலை மேல போறான்."

"இதென்னப்பா அதிசயம்? நான் காலேஜ் படிக்கும்போது ஏற்காட்டுக்கு..."

"பாருங்க ஸார். அப்புறம் ஏற்காடு போகலாம்."

பார்த்தேன். ஏற்காட்டை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

டானி மெக்காஸ்கில் என்ற ஆசாமி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஸ்கை என்ற தீவில் பிறந்தவர். அந்தத் தீவில் கூலின் என்று ஒரு மலைத்தொடர். கறுப்பாக, பல் பல்லாக, கோபித்துக்கொண்ட முதலை மாதிரி இருக்கிறது. அதன் உச்சி விளிம்பில், இரண்டு பக்கமும் பாதாளம், நடுவில் நம் ஆபீஸ் மேஜை அகலத்துக்குப் பாறை. அதில் சைக்கிள் ஓட்டுகிறார். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளை முதுகில் போட்டுக்கொண்டு பாறையைப் பற்றி ஏறுகிறார். ஒரு சிகரத்துக்குப் பெயரே 'அணுக முடியாத உச்சி'. கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரம். அதன் மேல் சைக்கிளோடு நின்றுகொண்டு காற்று வாங்குகிறார். இன்னோர் இடத்தில் முள்வேலிக்கு மேலே சைக்கிளோடு குட்டிக்கரணம் அடிக்கிறார். 'தி ரிட்ஜ்' என்று பெயர். 2014-ல் வெளியானது. பல கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் நம்மைப் போல ஆபீஸ் நேரத்தில் பார்த்தவர்களாக இருக்கும்.

பையன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நடுவில் சைக்கிளை விட்டுவிட்டேன். பின்னால் ஒரு குரல். பெண் குரல். பயிற்சி பெற்ற பாடகியின் வழவழப்பு கிடையாது. கொஞ்சம் முரடு. கிணற்றடியில் தனியாக இருக்கும்போது, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பாடுவார்களே, அந்த மாதிரி. அதற்குக் கீழே மெதுவாகத் தாளம் சேர்கிறது, வயலின்கள் சேர்கின்றன, மலை மேலே போகப் போகப் பாட்டும் ஏறுகிறது. கையில் எடுத்த சாதம் கையிலேயே இருந்தது.

"யாருப்பா பாடறது?"

"தெரில ஸார். பாட்டா முக்கியம்? இப்ப ஜம்ப் பண்ணுவான் பாருங்க!"

பாட்டுதான் முக்கியம் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குப் புரிந்தது. புரிந்தபோது மணி இரண்டரை. மனைவி எழுந்து வந்து, "இந்த வயசுல ராத்திரி முழுக்கப் பொம்பளை பாடறதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்களே" என்றாள். அந்தப் பெண்மணி 1993-லேயே காலமாகிவிட்டார் என்று சொன்ன பிறகுதான் படுக்கப் போனாள்.

*

பாட்டின் பெயர் 'பிளாக்பேர்ட்'. இசை மார்ட்டின் பென்னட். நான் கேள்விப்பட்டதில்லை. நீங்களும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிறந்தது 1971-ல், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில். அம்மா மார்கரெட் பென்னட், ஸ்கை தீவுக்காரர், நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்கிறவர், பாடகி. பையனைச் சின்ன வயசிலேயே ஸ்காட்லாந்துக்குக் கூட்டி வந்துவிட்டார். பத்து வயசில் பேக்பைப் கற்றுக்கொண்டான். மேற்படி கக்கத்துப் பைதான். குடியரசு தின அணிவகுப்பில் நம் ராணுவ பேண்டு ஊதுவதைக் கேட்டிருப்பீர்கள். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார் அல்லவா, பேக்பைப்பில் அந்த ஒத்தும் நாதஸ்வரமும் ஒரே ஆள்.

அதோடு நிற்கவில்லை. கிளாஸ்கோவில் இசைக் கல்லூரியில் சேர்ந்து வயலின், பியானோ முறைப்படி படித்தார். பகலில் பிராம்ஸ், பீத்தோவன். ராத்திரியில் கிளப்புகளில் டிஸ்கோவுக்குப் பேரன் முறையான டெக்னோ. இரண்டையும், அம்மாவிடம் கேட்ட பழைய பாட்டுகளையும் ஒரே பானையில் போட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார். சடை சடையாக முடி, பேக்பைப், பக்கத்தில் கம்ப்யூட்டர். 1995-ல் 'பிரேவ்ஹார்ட்' படம் வந்தபோது ஸ்டர்லிங் கோட்டையில் நடந்த விருந்தில் வாசித்தார். 1997-ல் 'பாத்தி கல்ச்சர்' என்று ஆல்பம். பாத்தி என்றால் நம் தோட்டத்துப் பாத்தி இல்லை. பண்ணையாட்கள் தங்கும் குடிசை. வேலை முடிந்து அங்கே உட்கார்ந்து பாடுவார்கள்.

பழமைவாதிகள் முகம் சுளித்தார்களா என்றால், சுளித்திருப்பார்கள். எந்த ஊரில் சுளிக்கவில்லை?

2000-ம் வருஷக் கடைசியில் அவருக்கு ஹாட்ஜ்கின்ஸ் லிம்ஃபோமா என்று தெரிந்தது. நிணநீர்ச் சுரப்பிகளில் வருகிற புற்றுநோய். வயசு இருபத்தொன்பது. கீமோதெரபி, கதிர்வீச்சு, என்று வரிசையாக எல்லாம். பேக்பைப் ஊத மூச்சு வேண்டும். வயலினைத் தாங்கக் கை வேண்டும். இரண்டும் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் தன் வாத்தியங்களைத் தானே போட்டு உடைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். நமக்கு ஆத்திரம் வந்தால் ஸ்டேப்ளரைத் தூக்கிப் போடுவோம். பத்து வயசிலிருந்து கூடவே வளர்ந்த பைப்பை ஒருவன் உடைக்கிறான் என்றால் அது எப்படிப்பட்ட ராத்திரியாக இருந்திருக்கும்?

வாசிக்க முடியாத வாத்தியக்காரர் அடுத்து என்ன செய்வார்? பென்னட் மற்றவர்கள் குரலை எடுத்தார். பழைய ஒலிநாடாக்கள், பழைய ரிக்கார்டுகள். நாடோடி மக்களும் கேலிக் மொழி பேசும் தீவுக்காரர்களும் வெறும் தொண்டையில் பாடி எப்போதோ பதிவான பாட்டுகள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீழே தாளம் கட்டி, சுற்றிலும் ஒலிகளை எழுப்பி ஒரு ஆல்பம் செய்தார். 'கிரிட்' என்று பெயர். பல்லில் கடிபடும் மணல், நெஞ்சுரம், இரண்டுக்கும் அந்த மொழியில் ஒரே வார்த்தை. 2003-ல் வெளியானது. 2005 ஜனவரி 30-ம் தேதி இறந்துபோனார். முப்பத்து மூன்று வயசு.

அந்த 'கிரிட்'டில்தான் 'பிளாக்பேர்ட்' இருக்கிறது. அதாவது, சைக்கிள் வீடியோ வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே அதன் இசையமைப்பாளர் போய்விட்டார்.

*

சரி, குரல்?

குரல் லிஸ்ஸி ஹிக்கின்ஸ் என்ற பெண்மணியுடையது. அபர்டீன்காரர். வடகிழக்குக் கடற்கரையில் கருங்கல்லால் கட்டின துறைமுக ஊர். அங்கே மீன் கிடங்குகளில் மீனைக் கீறி, முள் எடுத்து, துண்டு போடுகிற வேலை. பனி ஊரில் ஐஸில் வைத்த மீன். விரல்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து பாடியிருக்கிறார். அவர் அப்பா பேக்பைப் வாசிக்கிறவர். அதனால் லிஸ்ஸியின் பாட்டில் பைப்பின் கமகங்கள் இருக்கும் என்கிறார்கள். எனக்குக் கமகம் என்ற வார்த்தை தெரியுமே தவிர அதைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் நழுவுவது எனக்கே கேட்டது. காதலன் கைவிட்ட ஒரு பெண்ணின் பாட்டு அது.

லிஸ்ஸி லேசில் மேடை ஏறவில்லை. காரணம், அம்மா. அம்மாவின் பெயர் ஜீனி ராபர்ட்ஸன். அம்மாவுக்குக் கிடைத்த புகழைப் பக்கத்திலிருந்து பார்த்த பெண், நமக்கு இது வேண்டாம் என்று ரொம்ப நாள் ஒதுங்கியிருந்தார்.

ஜீனியின் கதை இன்னும் விசேஷம். ஸ்காட்லாந்தில் 'டிராவலர்ஸ்' என்று ஒரு நாடோடி ஜனம். தகரப் பாத்திரம் செய்வார்கள், பழுது பார்ப்பார்கள், குதிரை வியாபாரம், ஆற்றில் முத்துக் குளிப்பது, கோடையில் தோட்டங்களில் ராஸ்பெரி பறிப்பது. ஊர்க்காரர்கள் இவர்களை 'டிங்கர்' என்பார்கள். மரியாதையான வார்த்தை இல்லை. கூடாரம் போட்டால் போலீஸ் வந்து கிளப்பும். படிப்பு கம்மி. ஆனால் ஊர்க்காரர்கள் எப்போதோ மறந்துவிட்ட நானூறு, ஐந்நூறு வருஷத்துப் பழைய கதைப் பாடல்கள் இவர்கள் வாயில் அப்படியே இருந்தன. யாருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்?

கேட்டவர் ஹேமிஷ் ஹெண்டர்ஸன். கவிஞர். கேம்பிரிட்ஜில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் உளவுப் பிரிவு அதிகாரி. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் செத்தவர்களுக்காக, இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்து, அவர் எழுதிய இரங்கற்பாக்கள் 1948-ல் புத்தகமாக வந்தன. 1945-ல் இத்தாலியில் மார்ஷல் கிராட்ஸியானியின் சரணாகதி உத்தரவைத் தயார் செய்வித்தவரும் இவர்தான். இப்பேர்ப்பட்ட மனிதர் போர் முடிந்ததும் என்ன செய்தார்? டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நாடோடிக் கூடாரங்களுக்குப் போனார். அப்போதைய டேப் ரிக்கார்டர் என்றால் பாக்கெட் சமாசாரம் அல்ல. தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். 1951-ல் எடின்பரா பல்கலைக்கழகத்தில் 'ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ்' தொடங்கியபோது அதில் சேர்ந்தார். பிளேர்கவ்ரி என்ற ஊரின் ராஸ்பெரித் தோட்டங்களில் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்களாம். அங்கே பாட்டு சேகரிப்பது நயாகரா அருவிக்குக் கீழே தகர டப்பாவை நீட்டுவது போல என்று பின்னால் சொல்லியிருக்கிறார்.

1953-ல் அபர்டீனில், கேலோகேட் என்ற தெருவில் ஜீனியின் கதவைத் தட்டினார். ஜீனிக்கு நாற்பத்தைந்து வயசு. அன்றைக்கு அலுப்பு. யாரோ படித்த ஆசாமி பாட்டுக் கேட்டு வந்து நிற்கிறார், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பப் பார்த்திருக்கிறார். ஹேமிஷ் வாசலிலேயே நின்று ஒரு பழைய யுத்தப் பாடலைத் தனக்குத் தெரிந்த மாதிரி எடுத்துவிட்டாராம். ஜீனிக்குப் பொறுக்கவில்லை. இது இப்படி இல்லை, உள்ளே வாரும், சரியான பாடத்தைச் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டாராம். பலரும் சொல்லும் கதை. தப்பாகப் பாடித்தான் காரியத்தைச் சாதித்திருக்கிறார். வேண்டுமென்றே தப்பினாரா, அவருக்குத் தெரிந்ததே அவ்வளவுதானா என்பது ஹேமிஷுக்கே வெளிச்சம்.

அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால்? ஜீனி பாடிக்கொண்டேதான் இருந்திருப்பார், அடுப்படியில். 1968-ல் அரசி எம்.பி.இ. பட்டம் கொடுத்தார். 1975-ல் ஜீனி இறந்தார். ஹேமிஷுக்கும் 1983-ல் ஓ.பி.இ. கொடுக்க வந்தார்கள். அணு ஆயுதக் கொள்கை பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2002-ல் அவரும் போனார். அவர் சேர்ந்து நடத்திய அமைப்பின் நாடாக்களில் ஆயிரக்கணக்கானவை 2010-லிருந்து 'டோபார் அன் டூல்காஸ்' என்ற பெயரில் இணையத்தில் இருக்கின்றன. பாரம்பரியத்தின் கிணறு என்று அர்த்தம். பைசா கொடுக்காமல் கேட்கலாம். பின்னணியில் நாய் குரைக்கிறது, யாரோ இருமுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

'கிரிட்'டின் முதல் பாட்டில் வருகிற குரல் ஷீலா ஸ்டுவர்ட். அவரும் அதே பிளேர்கவ்ரி டிராவலர் குடும்பம். 1982-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் கிளாஸ்கோ வந்தபோது, லட்சக்கணக்கான ஜனம் கூடியிருந்த பூங்காவில் அவர் முன்னால் ஷீலா பாடிய பாட்டு, நாடோடிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு விரட்டுவதைப் பற்றியது. விரட்டினவர்களும் கூட்டத்தில் நின்று கேட்டிருப்பார்கள். சும்மாவா?

*

யூட்யூப்பில் ஒரு குணம் உண்டு. ஒன்றைக் கேட்டால் ஒன்பதை எடுத்துப் போடும், துணிக்கடைக்காரர் மாதிரி. பென்னட்டின் 'ஹல்லாய்க்' வந்தது. தாளத்துக்கு மேலே ஒரு கிழவர் கவிதை படிக்கிறார். புரியாத மொழி. குரல் நடுங்கவில்லை, இழுத்து இழுத்து, ஏதோ வழக்கில் சாட்சி சொல்கிறவர் மாதிரி.

ஸோர்லி மக்லேன். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்தவர். 1911-ல் ராசே என்ற குட்டித் தீவில் பிறந்தார். ராசே இருப்பது ஸ்கை தீவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் நம் சைக்கிள்காரர் ஏறின அதே கூலின் மலை தெரியும். அந்த மலையின் பெயரிலேயே 1939-ல் ஒரு நீண்ட கவிதை எழுத ஆரம்பித்தவர். எழுதியது கேலிக் மொழியில். 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் அந்த மொழி பேசுகிறவர்கள் 60,000-க்கும் குறைவு. ஒரு பெரிய கிரிக்கெட் மைதானத்தில் உட்கார்த்தி வைத்துவிடலாம்.

ஹல்லாய்க் என்பது ராசேயில் ஒரு ஊர். ஊர் என்றால் இப்போது இல்லை. வெறும் கற்சுவர்கள். 19-ம் நூற்றாண்டில் நிலச் சொந்தக்காரர்கள் குடியானவர்களைவிட ஆடு லாபம் என்று கணக்குப் போட்டார்கள். மனிதர்களைக் கப்பலேற்றிவிட்டு ஆட்டை மேய விட்டார்கள். அந்தக் காலி ஊரைப் பார்த்து ஸோர்லி 1954-ல் எழுதின கவிதையில், போனவர்கள் மரங்களாக அங்கேயே இருக்கிறார்கள். பெண்கள் பிர்ச் மரங்கள். அயர்லாந்தின் நோபல் கவிஞர் சீமஸ் ஹீனி இதை மொழிபெயர்த்திருக்கிறார். பென்னட் இதைக் கிளப்பில் ஆடுகிறவர்கள் காதுக்குக் கொண்டுபோனார். ஸோர்லி 1996-ல் காலமாகிவிட்டார். ஆல்பம் வந்தது மறு வருஷம்.

கவனித்தீர்களா? இந்தக் கதையில் எல்லாரும் ஒரு வருஷம், ஒன்பது வருஷம், பத்து வருஷம் முன்னாலேயே போய்விடுகிறார்கள். 'கிரிட்' வந்தபோது லிஸ்ஸி இறந்து பத்து வருஷம்.

ராத்திரி ஒரு மணிக்கு இவ்வளவு துக்கம் உடம்புக்கு ஆகாது. நல்லவேளையாக, அடுத்து யூட்யூப் ஐவர் கட்லரை எடுத்துப் போட்டது. இவரைப் பென்னட்டோடு சேர்க்க முடியாது. உண்மையில் யாரோடும் சேர்க்க முடியாது.

1923-ல் கிளாஸ்கோவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போரின்போது விமானப் படையில் வழிகாட்டிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். வரைபடத்தைப் பார்க்கச் சொன்னால் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கனவு காண்கிறார் என்று சொல்லிக் கீழே இறக்கிவிட்டார்கள். அப்புறம் லண்டனில் வருஷக்கணக்காகப் பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலங்களில் ஹார்மோனியம்.

ஆமாம், நம் ஹார்மோனியம்தான். அதாவது, அவர்கள் நமக்குக் கொடுத்தது. நாடகக் கொட்டகையில் 'பின்பாட்டு' போட்ட அந்தப் பெட்டியை 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ, கமகம் வராது என்று தடை செய்தது. கட்லருக்குக் கமகம் தேவைப்படவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஹார்மோனியத்தை எழுப்பாமல் வாசிப்பார். அதன் மேலே முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஒரு நிமிஷக் கவிதை, அரை நிமிஷக் கதை. ஸ்காட்லாந்து வீட்டுக் கூடத்தில் தன் பிள்ளைப் பிராயம் எப்படிக் கழிந்தது என்று ஒரு தொடர். ஏழ்மை, குளிர், கண்டிப்பான அப்பா. கேட்கும்போது சிரிப்பு வருகிறது, ஏன் என்று சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன். மனைவி சிரிக்கவில்லை.

பீட்டில்ஸ் 1967-ல் எடுத்த 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' படத்தில் பஸ்ஸில் விறைப்பாக வருகிற கண்டக்டர் இவர்தான். அதற்குப் பிறகு சினிமா, பங்களா என்று போயிருக்கலாம். போகவில்லை, திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பினார். இரைச்சல் ஒழிப்புச் சங்கத்தில் உறுப்பினர். கச்சேரிக்கு வருகிறவர்களிடம், கைதட்டுவதானால் வழக்கத்தில் பாதி சத்தத்தில் தட்டுங்கள் என்று கேட்டுக்கொள்வார். 2006-ல் எண்பத்து மூன்று வயசில் இறந்தார். கட்லரை எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் சபாக்களில் பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் எத்தனையோ தடவை உபயோகித்திருப்பேன்.

*

மறுநாள் மத்தியானம் பக்கத்து சீட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்குப் புளியோதரை. பாதி கேட்டான், பாதி சாப்பிட்டான். பென்னட் வாத்தியங்களை உடைத்த இடத்தில் மட்டும் மெல்லுவதை நிறுத்தினான்.

"முப்பத்து மூணா ஸார்? எங்க அண்ணன் வயசு."

"ஆமா."

"அந்தம்மா என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"மீன் வெட்டறது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவனே செல்போனில் எதையோ தேடினான். நான் தேடி வைத்திருந்ததை அவன் நாலு விநாடியில் எடுத்துவிட்டான். இந்தத் தலைமுறையின் கட்டைவிரல்!

2015 ஜனவரி. பென்னட் போய்ப் பத்து வருஷம். கிளாஸ்கோவில் வருஷா வருஷம் நடக்கும் 'செல்டிக் கனெக்ஷன்ஸ்' விழாவில் கிரெக் லாஸன் என்ற வயலின்காரர் ஒரு காரியம் செய்தார். தனி ஆளாக, நோயோடு, கம்ப்யூட்டரில் பென்னட் கோத்த 'கிரிட்' முழுவதையும் நிஜ வாத்தியங்களுக்கு எழுதினார். சுமார் 80 பேர் மேடையில் உட்கார்ந்தார்கள். சாஸ்திரீய இசைக்காரர்கள், நாட்டுப்புறக்காரர்கள், ஜாஸ் ஆசாமிகள். அவர் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் தட்டின தாளத்தை மனிதர்கள் வியர்க்க விறுவிறுக்க வாசிக்கிறார்கள். உடைந்துபோன வயலினுக்குப் பதிலாக வரிசை வரிசையாக வயலின். அந்தக் குழுவுக்கே 'கிரிட் ஆர்க்கெஸ்ட்ரா' என்று பெயர் வந்துவிட்டது.

பையன் எடுத்தது அதற்கு அடுத்தது. 2018 ஜனவரியில் அதே குழு 'பாத்தி கல்ச்சர்' பாட்டுகளை கிளாஸ்கோவின் பெரிய உள்ளரங்கில் வாசித்தது. நடுவில் 'பிளாக்பேர்ட்' ஆரம்பிக்கிறது. அரங்கத்துக்குள் ஒருவர் சைக்கிளில் வருகிறார்.

"ஸார்! டானி ஸார்! நம்ம டானி!"

நம்ம டானிதான். மலை இல்லை, பாதாளம் இல்லை. சுற்றிலும் ஆர்க்கெஸ்ட்ரா, மேலே ஆயிரக்கணக்கான ஜனம். அந்தக் குரலின் ராகத்தை இப்போது எண்பது பேர் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். பையன் புளியோதரையை மூடி வைத்துவிட்டான். இந்தத் தடவை அவன் ஜம்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காது ஒயர் எனக்கு, ஒரு காது ஒயர் அவனுக்கு. இரண்டு பேரும் மேஜை மேல் குனிந்திருந்தோம்.

வீடியோ முடிந்ததும் என்ன தோன்றியதோ, படபடவென்று கைதட்டினான். செக்ஷன் மொத்தமும் திரும்பியது. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் தலை நிமிர்ந்தது. மணி இரண்டு பத்து.

"மெதுவாப்பா" என்றேன். "பாதி சத்தத்துல தட்டு."